மூன்று குவியல்: மன்னார் முத்துச் சலாபமும் அரச நிதிச் சட்டத்தின் கதையும்

மறிச்சுக்கட்டிக் கரையில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், பிற்பகல் வேளையில் வள்ளங்கள் கரை சேர்ந்ததும் குளியாட்கள் தங்கள் சிப்பிகளைச் சுமந்துகொண்டு 'கொட்டு' எனப்பட்ட வேலியடைத்த வளவுக்குள் செல்வர். அங்கே ஒவ்வொரு வள்ளத்தாரும் தாம் கொணர்ந்ததை மூன்று குவியல்களாகப் பிரித்து வைக்க வேண்டும். பிறகு அரச உத்தியோகத்தர் வந்து, தாம் விரும்பிய இரண்டு குவியல்களைத் தெரிவு செய்வார். அவை அரசாங்கத்துக்கு உரியன. எஞ்சிய ஒன்று வள்ளத்தாருக்கு. அதனைக் குளியாட்களும் கயிறு இழுப்போரும் சம்மாட்டியும் தமக்குள் பங்கிட்டுக்கொள்வர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்த நடைமுறை இது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குளியாட்களின் பங்கு நான்கிலொன்றாகவே இருந்தது.

இந்த ஏற்பாட்டில் உள்ள நுட்பம் கவனிக்கத்தக்கது. எந்த இரண்டு குவியல்கள் அரசுக்குப் போகும் என்பது பிரிப்பவருக்குத் தெரியாது. ஆகவே ஒன்றைப் பெரிதாகவும் மற்றதைச் சிறிதாகவும் வைப்பதால் அவருக்கு இலாபமில்லை. தெரிவு செய்பவர் குவியலில் கைவைத்துக் கூட்டிக் குறைக்க முடியாது. பிரிப்பவர் ஒருவர், தெரிவு செய்பவர் வேறொருவர். இரண்டும் பலர் பார்த்திருக்க நடந்தன. உலகில் எந்த நாட்டின் வரவு செலவுத் திட்டச் சட்டத்தை எடுத்துப் பார்த்தாலும் அதன் அடியில் இந்த எண்ணமே கிடக்கும். அமைச்சரவை திட்டத்தைப் பிரித்து வைக்கிறது, பாராளுமன்றம் ஏற்கவோ மறுக்கவோ செய்கிறது, கணக்காய்வாளர் எண்ணிப் பார்க்கிறார்.

ஆனால் கொட்டின் வேலிக்குள் இருந்த இந்த நியாயம் வேலிக்கு வெளியே இருக்கவில்லை. மூன்றில் இரண்டு அரசுக்கு என்று யார் தீர்மானித்தார்கள்? ஏலத்தில் விற்ற பணம் கொழும்புக்குப் போனபின் எதற்குச் செலவானது? மன்னாரில் எவரிடமும் அது கேட்கப்படவில்லை. அந்தக் கேள்விகளுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்த வரலாற்றை, நம் கரையிலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முத்து நெடுங்காலமாக ஆட்சியாளரின் தனிச் சொத்தாகக் கருதப்பட்டு வந்தது. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, புத்தளக் கரையில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்ததையும் மன்னரிடம் முத்துக்கள் இருந்ததையும் தமது பயண நூலில் கூறுகிறார். 1560இல் மன்னாரைப் போர்த்துக்கேயர் கைப்பற்றினர். 1658இல் ஒல்லாந்தர் வந்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். கோட்டையில் கொடி மாறியதே தவிர, முத்துப் பார்களின் உரிமை ஆள்பவருக்கே என்ற விதி மாறவில்லை. கீழக்கரை, காயல்பட்டினம், எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம்களும், தூத்துக்குடிப் பரவரும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அறபிகளும் மூச்சடக்கி மூழ்கினர். நம்மவருள் வணிகர்களாய் இருந்தோர் சிப்பியை ஏலத்தில் எடுத்தனர். ஆள்வோருக்கு இது மிக வசதியான வருமானம். வரி என்றால் வீடு வீடாகச் சென்று அறவிட வேண்டும், அறவிடும்போது 'ஏன்' என்ற கேள்வி எழும். கடல் கேள்வி கேட்பதில்லை.

ஆங்கிலேயர் ஆட்சியின் முதல் மூன்று ஆண்டுகள் இதற்கு நல்ல சான்று. சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனியே அப்போது கரையோர இலங்கையை நிருவகித்தது. 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளும் இடைவிடாது சலாபம் நடத்தப்பட்டது. பிந்திய இரு ஆண்டுகளில் ஒவ்வொன்றும் ஓர் இலட்சம் பவுனுக்கு மேல் ஈட்டிக்கொடுத்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. அதே கம்பனி நிலத்தில் வேறொன்றைச் செய்தது. ஊர்த் தலைமைக்காரரை ஒதுக்கிவிட்டுச் சென்னையிலிருந்து அமில்தார்களைக் கொணர்ந்தது, தென்னை மரங்களுக்கு வரி விதித்தது. 1797இல் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். வரி கைவிடப்பட்டது. ஒரே அரசு, ஒரே ஆண்டு. தென்னை மரத்துக்கு வரி கொடுத்தவர் எதிர்த்தனர், அரசு இறங்கி வந்தது. முத்துப் பாரை எதிர்ப்பதற்கு யாரும் இல்லை, அது வெறுமையாகும் வரை வாரப்பட்டது. 1799இல் வருமானம் பெரிதும் வீழ்ந்தது. 1798இல் தேசாதிபதியாக வந்த பிரெடரிக் நோர்த், சலாபத்தைப் பார்வையிடுவதற்கென அரிப்பில் கட்டிய மாளிகை கடலரிப்பினால் சிதைந்து இடிபாடாய் நிற்கிறது. அந்த வருமானத்தின் செழிப்பையும் நிலையாமையையும் ஒருங்கே சொல்லும் சின்னம் அதுவே.

முத்து வருமானத்தின் இயல்பு அப்படிப்பட்டது. சிப்பிகள் சில ஆண்டுகள் பெருகும், பிறகு காரணம் புரியாமல் மறைந்துவிடும். 1838 முதல் 1854 வரை சலாபமே நடக்கவில்லை. 1864 முதல் 1873 வரையும், 1892 முதல் 1902 வரையும் அவ்வாறே. கேள்வி கேட்காத வருமானம் சொல்லாமலும் போய்விடும். போனபின் அரசு மக்களிடம்தான் வரவேண்டும்.

அப்படி வந்த ஒரு தருணம் 1848. அது முத்து வறண்டிருந்த காலம். அதற்கு மேல் 1847இல் கோப்பி விலை சரிந்து திறைசேரி திண்டாடியது. தேசாதிபதி டொரிங்டன் நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி என்று வரிசையாகக் கொண்டுவந்தார். ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்ய வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்று ஒரு கட்டளைச் சட்டமும் வந்தது. மாத்தளையிலும் குருநாகலிலும் கலகம் வெடித்தது. இராணுவச் சட்டத்தால் அது அடக்கப்பட்டது. விவகாரம் இலண்டன் பாராளுமன்றத்தின் விசாரணை வரை சென்று, டொரிங்டன் 1850இல் திருப்பியழைக்கப்பட்டார். அந்த வரிகள் யாவும் சட்டப்படியே விதிக்கப்பட்டன என்பதை மறக்கலாகாது. சட்ட நிரூபண சபை அவற்றை நிறைவேற்றியிருந்தது. ஆனால் அந்தச் சபையில் வரி செலுத்துவோரின் குரல் எங்கே இருந்தது?

கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசினால் 1833இல் அமைக்கப்பட்டது அச்சபை. அதில் அரச உத்தியோகத்தரே பெரும்பான்மையினர். உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் ஆறு பேரையும் தேசாதிபதியே நியமித்தார். கொட்டின் மொழியில் சொன்னால், குவியலைப் பிரித்தவரே தெரிவையும் செய்தார். 1864இல் இது வெளிப்படையாயிற்று. இலங்கையில் நிலைகொண்டிருந்த படையின் செலவை இலங்கை வருமானத்திலிருந்தே கொடுக்க வேண்டுமென இலண்டன் வற்புறுத்தியது. சபையின் உத்தியோகப் பெரும்பான்மை அதனை ஏற்றது. உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் கூட்டாகப் பதவி துறந்தனர். அவர்களுள் முன்னின்ற ஜோர்ஜ் வோல் என்பாரின் தலைமையில் 1865இல் 'இலங்கை லீக்' தோன்றியது. நாட்டின் வருமானத்தை நாட்டவர் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதன் தலையாய கோரிக்கை. தோட்ட முதலாளிகளும் வணிகர்களும் எழுப்பிய குரல் அது, ஏழைகளின் குரல் அல்ல. ஆயினும் இந்நாட்டில் அரசியல் உரிமைக்கான ஆரம்ப இயக்கங்களுள் ஒன்று பணத்தைச் செலவிடும் அதிகாரம் பற்றியதாக இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1889இல் முஸ்லிம்களுக்கென ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டு எம். சி. அப்துல் ரஹ்மான் நியமனம் பெற்றார். அவரும் சிறுபான்மைக் குழுவுக்குள் ஒருவரே. சபையின் கணக்கு மாறவில்லை.

இந்நிலையில்தான் மன்னார்க் கடலின் மிகப்பெரிய அறுவடை வந்தது. 1902இல் பேராசிரியர் ஹேர்ட்மனும் ஜேம்ஸ் ஹோர்னெலும் முத்துப் பார்களை ஆராய்ந்தனர். 1903 முதல் சலாபம் தொடர்ந்து நடந்தது. 1905இல் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்தது சுமார் 25 இலட்சம் ரூபா. ஆளில்லாத மறிச்சுக்கட்டி மணல்வெளியில் சில வாரங்களுக்குப் பல்லாயிரம் பேர் கொண்ட நகரமே எழுந்தது. அதற்கு நீதிமன்றும் மருத்துவமனையும் இருந்தன. 1906 சலாபத்தில் கடமையாற்றிய இளம் உத்தியோகத்தர் லெனார்ட் வுல்ஃப் பின்னாளில் எழுதிய 'பேர்ள்ஸ் அன்ட் ஸ்வைன்' என்ற சிறுகதை அந்த அனுபவத்தில் விளைந்ததே. குவியல் தெரிவு செய்யும் வேலை அவருக்கும் வாய்த்தது.

அதே 1906இல் அரசாங்கம் முத்துப் பார்களை ஒரு தனியார் கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஆண்டு வாடகை 3,10,000 ரூபா. இருபது ஆண்டுக்கும் சேர்த்தால் 62 இலட்சம். 1905ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் கிடைத்தது 25 இலட்சம் என்பதை இதனோடு ஒப்பிட்டால், அன்று எழுந்த எதிர்ப்பின் காரணம் விளங்கும். ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1907க்குப் பின் பார்கள் மீண்டும் வறண்டன. கம்பனி சில ஆண்டுகளிலேயே கலைக்கப்பட்டது. பிறகு பெரிய அளவில் நடந்த சலாபம் 1925ஆம் ஆண்டினதே. அதுவே கடைசியும் ஆயிற்று.

அப்படியானால் அரசாங்கம் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டதா? நிச்சயமற்ற வருமானத்தை நிலையான வாடகையாக மாற்றுவது நிதி முகாமையில் பிழையன்று. வறண்ட ஆண்டுகளிலும் வாடகை வரும் என்ற நோக்கத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வாடகை கூடவா குறைவா என்பதற்கு அன்று யாரிடமும் சரியான விடை இருந்திருக்க முடியாது. ஆயினும் இருபது ஆண்டு வருமானத்தைக் கைமாற்றும் முடிவை, எவருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு பெரும்பான்மை எடுத்தது. அந்தப் பாரில் மூழ்கிய எருக்கலம்பிட்டியாருக்கோ, கரையில் வாழ்ந்த முசலிப் பகுதி மக்களுக்கோ சபையில் வாக்களித்து அனுப்பிய ஒருவர் இருக்கவில்லை. முடிவு சரியாக அமைந்தாலும் பிழையாக அமைந்தாலும் கேட்பதற்கு இடமில்லை. குறை அங்கேதான் இருந்தது.

சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. ஆனாலும் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் நிதிப் பொறுப்பு பிரித்தானிய நிதிச் செயலாளர் கையிலேயே இருந்தது. 1947இல்தான் நிதி அமைச்சு மக்கள் தெரிந்தெடுத்த ஒருவரிடம் வந்தது. முதலாவது நிதி அமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன. சில ஆண்டுகளில் வாக்குரிமையின் வலிமை தெரிந்தது. 1953 வரவு செலவுத் திட்டத்தின் வழியே அரிசி மானியம் வெட்டப்பட்டு, ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாயிற்று. ஒகஸ்ட் 12இல் ஹர்த்தால். ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். டொரிங்டனை அகற்ற இலண்டன் வரை போக வேண்டியிருந்தது. டட்லி விலக இரண்டு மாதம் போதுமாயிருந்தது.

இன்றுள்ள 1978 அரசியலமைப்பு இவ்விடயத்தை மிகத் தெளிவாகச் சொல்கிறது. பொது நிதியின் மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு உரியது என்பது 148ஆம் உறுப்புரை. பாராளுமன்றச் சட்டத்தின் அதிகாரமின்றி உள்ளூராட்சி மன்றமோ வேறு பகிரங்க அதிகாரசபையோ வரி விதிக்க முடியாது என்பதும் அதிலேயே உண்டு. அரசின் வருமானம் 149ஆம் உறுப்புரைப்படி திரட்டு நிதியத்தில் சேர்கிறது. அதிலிருந்து பணம் எடுக்க நிதி அமைச்சரின் ஆணைச்சீட்டு வேண்டும் என்கிறது 150. செலவுக்கான சட்டமூலத்தை அமைச்சரவையின் அங்கீகாரத்தோடு அமைச்சர் ஒருவரே கொண்டுவரலாம் என்கிறது 152. பிரிப்பது அமைச்சரவையின் வேலை, தெரிவு சபையின் வேலை என்ற வேறுபாடு இங்கே எழுத்தில் நிற்கிறது. எண்ணிப் பார்ப்பதற்குக் கணக்காய்வாளர் தலைமை அதிபதி இருக்கிறார்.

ஆண்டுதோறும் ஒதுக்கீட்டுச் சட்டமூலம் வருகிறது. இரண்டாம் வாசிப்பில் கொள்கை பற்றிய விவாதம், குழுநிலையில் ஒவ்வொரு தலைப்பாக விவாதம், மூன்றாம் வாசிப்பில் வாக்கெடுப்பு. ஒதுக்கீட்டுச் சட்டம் செலவுக்கு மட்டுமே அனுமதி தருகிறது என்பதை மாணவர்கள் பலர் அறியார். வரிகளுக்குத் தனித்தனிச் சட்டங்கள் உண்டு. அமைச்சர் உரையில் வரி குறையும் என்று சொன்னால் மட்டும் போதாது, உரிய சட்டம் திருத்தப்பட வேண்டும்.

எழுத்தில் இருப்பது நடப்பில் இருந்ததா என்பது அடுத்த கேள்வி. 2003இல் நிதி முகாமைப் பொறுப்புச் சட்டம் நிறைவேறியது. 2006இற்குள் வரவு செலவுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 2013இற்குள் அரச கடன் 60 சதவீதத்துக்கு இறங்க வேண்டும் என்று இலக்குகள் வகுக்கப்பட்டன. இலக்கை எட்டாதபோது சட்டம் திருத்தப்பட்டுத் திகதி தள்ளிவைக்கப்பட்டது. வீட்டுப்பாடம் செய்யாத மாணவன் நாட்காட்டியைத் திருத்துவது போன்றது இது.

2019 டிசம்பர் முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அமைச்சரவை முடிவாக அது நடைமுறைக்கு வந்தது. அதற்கான திருத்தச் சட்டம் 2021இலேயே நிறைவேறியது. 2020 மார்ச்சில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. கொவிட் காரணமாகத் தேர்தல் தள்ளிப்போனது. 2020ஆம் ஆண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டம் அவ்வாண்டு நவம்பரில்தான் நிறைவேறியது. அதாவது ஆண்டின் பெரும்பகுதிச் செலவு முடிந்தபின் சபையின் அனுமதி பெறப்பட்டது. குவியல்கள் வண்டியேறிய பிறகு கொட்டுக்கு வந்து தெரிவு செய்யச் சொன்னது போல. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்துவதாக நாடு அறிவித்தது. அந்த மாதங்களில் எரிவாயு வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் நின்ற மன்னார் மீனவருக்குச் சட்ட நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வள்ளம் கடலுக்குப் போகாத நாட்களை அவர் எண்ணியிருப்பார். 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம், பொருளாதார நெருக்கடிக்குக் காரணமான முடிவுகளை எடுத்தோர் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் எனப் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. 2024இல் 44ஆம் இலக்கப் பகிரங்க நிதி முகாமைச் சட்டம் வந்து 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. இதுவும் திகதி திருத்தப்படும் சட்டமாகிவிடுமா என்பது சபையில் இருப்போரை மட்டுமல்ல, சபைக்கு ஆளனுப்புவோரையும் பொறுத்தது.

இதில் மன்னாருக்கு என்ன? நிதி, மாவட்டப் பெயராலும் அமைச்சுப் பெயராலும் வருகிறது. ஆண்டு மதிப்பீட்டில் மன்னார் மாவட்டச் செயலகத்துக்கெனத் தனித் தலைப்பே உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்தும் முசலியிலிருந்தும் மக்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் சென்றனர். பெயர் ஒரு மாவட்டத்தில், பிள்ளை படிப்பது இன்னொரு மாவட்டத்தில். அங்குள்ள பாடசாலைக்கும் கிணற்றுக்கும் அவர்கள் கூடுதல் சுமை, இங்குள்ள கணக்கில் அவர்கள் இல்லாத ஆட்கள். போர் முடிந்து 2009இற்குப் பின் திரும்பியோர் காட்டையும் இடிந்த சுவரையும் கண்டனர். இரண்டு கணக்குகளுக்கும் இடையில் விழுந்த ஒரு தலைமுறையைப் பற்றி எந்த ஒதுக்கீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் வரி ஒன்று தேடவேண்டியிருக்கிறது. 13ஆவது திருத்தத்தின் கீழ் மாகாணங்களுக்கான நிதியைச் சிபாரிசு செய்யும் நிதி ஆணைக்குழுவில் மத்திய வங்கி ஆளுநரும் திறைசேரிச் செயலாளரும் இருக்க, மூன்று பிரதான சமூகங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவரும் இடம்பெற வேண்டும். அந்த ஆசனத்தின் பொருள் என்ன, அங்கே எதைக் கேட்கலாம் என்பது நம்மிடையே போதியளவு பேசப்பட்டதில்லை.

கடலும் காற்றும் மீண்டும் பணமாகத் தொடங்கியுள்ளன. 2011இல் மன்னார்ப் படுகையில் கெயார்ன் நிறுவனம் இரண்டு இடங்களில் இயற்கை எரிவாயுவைக் கண்டது. 2015இல் அது வெளியேறியது. 2020 டிசம்பரில் மன்னார்த் தீவில் 'தம்பபவனி' காற்றாலைப் பூங்கா 103.5 மெகாவொற் கொள்ளளவுடன் திறக்கப்பட்டது. இவையும் முத்தைப் போன்றவை. ஊரவரிடம் வரி கேட்காமலே வருமானம் தரக்கூடியவை, ஆகவே ஊரவரிடம் கேளாமலே குத்தகைக்குப் போகக்கூடியவை. எண்ணெய் வளம் கண்ட பல நாடுகளில் நடந்தது இதுதான். நோர்வே 1990இல் சட்டம் இயற்றி எண்ணெய் வருமானத்துக்கெனத் தனி நிதியம் அமைத்தது. அதிலிருந்து எடுக்கும் பணம் வரவு செலவுத் திட்டத்தின் வழியே, பாராளுமன்றத்தின் முடிவோடு மட்டுமே வெளிவர முடியும். நிலத்தடியில் எண்ணெய் இருந்ததால் மட்டும் அந்நாடு தப்பவில்லை, மேலே அப்படியொரு சட்டமும் இருந்தது.

1906இல் நம் முன்னோருக்கு இல்லாதிருந்த மூன்று நமக்கு உண்டு. வாக்கு உண்டு. ஆண்டு மதிப்பீடுகள் தமிழிலும் அச்சாகின்றன. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உண்டு. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் கணக்கில் நூறு ரூபா பிசகினால் எழுந்து நின்று கேட்கும் ஊர்கள் நமது ஊர்கள். அந்தக் கண்ணை மன்னார் மாவட்டத் தலைப்பின் பக்கத்திலும் ஆண்டுக்கு ஒருமுறை ஓடவிட்டால், குழுநிலை விவாதத்துக்கு முன் நமது பிரதிநிதியிடம் கேட்பதற்கு ஒரு பட்டியலாவது தயாராகும். கொட்டில் நின்ற குளியாளுக்குத் தன் குவியலை நியாயமாகப் பிரிக்கத் தெரிந்திருந்தது. மூன்றில் இரண்டு என்ற விதியைப் பற்றிப் பேச மட்டும் அவருக்கு இடமிருக்கவில்லை. அந்த இடம் இன்று சட்டத்தில் இருக்கிறது. அதில் போய் நிற்பது நம் வேலை.